நிற்க வைத்த கடல்

சாய்கிருஷ்ணாவின் புது வீட்டு ஹாலில் கடல் இருக்கக் கூடாது என்று வாஸ்துக்காரர் சொன்னபோது, அந்தக் கடலை வரைந்த சைத்ரா அதன் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். எட்டடி நீளப் படம். பெரிய சுவரின் அடியில் சாத்தி வைத்திருந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. கொக்கி அடிக்க வந்தவர் ஏணியில் பாதி ஏறி, கீழே பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தார்.

வாஸ்துக்காரர் பல்லடத்திலிருந்து வந்தவர். அவரைக் கேட்காமல் சைத்ராவின் அண்ணன் சாய்கிருஷ்ணா ஒரு சுவிட்சைக்கூடப் போட மாட்டான். அவர் சொல்லித்தான் மாடிப்படியை இடித்து எதிர்ப்பக்கம் கட்டினார்கள். அவர் சொல்லித்தான் சமையல்கட்டு இடம் மாறியது. இஞ்சினியர் கோபித்துக்கொண்டு பாதியில் போனார், வேறு இஞ்சினியர் வந்தார். வாஸ்துக்காரர் மட்டும் மாறவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்த வீட்டுக்குப் பூசாரி அவர்தான்.

"ஹாலு கன்னி மூலைல வருதுங்க. தென்மேக்குல தண்ணி ஆகாதுங்க," என்றார். "படத்துல இருந்தாலும் தண்ணி தண்ணிதானுங்க. குடும்பத் தலைவரைத்தான் அடிக்குமுங்க. தண்ணிக்குண்டான எடம் ஈசானி மூலைங்க."

"வடகிழக்குல சாமி ரூம்பு இருக்குதுங்களே," என்றாள் அண்ணி ஹைமாவதி.

"அதுக்கு வெளிய மோட்டார் ரூம்பு இருக்குதல்லங்க. அங்க மாட்டிக்கலாமுங்க. ஒரு தோஷமும் இல்லீங்க."

மோட்டார் ரூம் என்றால் தொட்டி மூடியும், வயர் சுருணையும், எலி மருந்தும் இருக்கிற இடம். சைத்ராவுக்குக் காது சூடேறியது. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சுவர் அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. பீளமேட்டில் அவர்களுக்குப் பழைய வீடு ஒன்று இருந்தது. கல்யாணம் முறிந்து திரும்பி வந்த சைத்ரா அதன் மாடி அறையில்தான் வருஷக்கணக்காகக் குடியிருந்தாள், அங்கேதான் வரைந்தாள். அந்த வீட்டின் கன்னி மூலையில் ஒரு கிணறு உண்டு. அப்பா ஐம்பத்திரண்டு வயதில் மில்லில் நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது அந்தக் கிணற்றால்தான் என்று சாய்கிருஷ்ணா நம்பினான். அவனுக்கும் ஐம்பது நெருங்கியதும் வீட்டை விற்றுத் தீர்த்தான். சைத்ரா கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டாள். அப்பாவின் திதிக்குக் கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் அவன் வாக்குக் கொடுத்தான்.

"புது ஊட்ல உனக்கு எடம் இல்லேன்னு நெனைக்காதே அம்மணி. ஹால்ல பெரிய செவுரு உன்றதுதான். வாரவன் மொதல்ல உன்ற படத்தைப் பாத்துப்போட்டுத்தான் என்ற மூஞ்சியப் பாக்கோணும்."

அவள் வடவள்ளியில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோனாள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான்.

அவள் படம் இல்லாத சொந்தக்கார வீடு கோயம்புத்தூரில் கிடையாது. யார் வீடு கட்டினாலும், "எங்க சைத்ரா ஒரு படம் போட்டுக் குடுத்துரும்" என்று அம்மா லட்சுமியம்மாள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். ஊட்டித் தேயிலைச் சரிவு, மருதமலைப் படிக்கட்டு, பித்தளைச் செம்பில் செம்பருத்தி. எல்லாம் அச்சு அசல், எல்லாம் இனாம். வந்து குவிந்த குக்கர்களோடும் சுவர்க்கடிகாரங்களோடும் அதையும் சேர்த்து அடுக்குவார்கள். ஒருவராவது அரை நிமிஷம் நின்று பார்த்ததை அவள் கண்டதில்லை. "பொழுது போகோணுமல்ல, பாவம்" என்று சித்தி ஒருத்தி அவள் காதுபடவே சொல்லியிருக்கிறாள்.

பிறகு அவள் பொன்னானிக்குப் போக ஆரம்பித்தாள். இருட்டோடு கிளம்பிப் பாலக்காட்டு வழியாகக் காரை விட்டால் காலைச் சாப்பாட்டுக்குக் கடல் வந்துவிடும். முதலில் வரைந்த படங்களில் தோணி இருந்தது, வலை இருந்தது, குடை பிடித்தபடி மீன் பேரம் பேசும் பெண்கள் இருந்தார்கள். அவற்றையும் சொந்தக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கோ ஒவ்வொரு தடவையும் அந்தத் தோணி இடைஞ்சலாகவே பட்டது. கடலைப் பார்க்க விடாமல் குறுக்கே நின்றது. ஒரு நாள் தோணியை எடுத்தாள். பெண்கள் போனார்கள். அடுத்த படத்தில் நுரை போயிற்று. ஒன்றரை வருஷம் கழித்து இந்தப் படத்துக்கு வந்தபோது, கீழே ஈரம் காயாத ஒரு சாம்பல் நிறமும், மேலே வெளுத்துப்போன ஒன்றும், நடுவில் ஓரிடத்தில் தெரிந்து ஓரிடத்தில் தொலைந்துபோகும் ஒரு கோடும் தவிர வேறொன்றும் இல்லை. முடித்த அன்று ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். முதல் தடவையாக அவளுக்கே தன் படம் பிடித்திருந்தது.

இப்போது அதைத்தான் மோட்டார் ரூமில் மாட்டச் சொல்கிறார்கள்.

"கண்ணு, நீயே சொல்லு," என்றான் அண்ணன். "இது கடலா, இல்லியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "போன வருசம் அவினாசி ரோட்டுக் கண்காட்சில மைக்கைப் புடிச்சுப் பேசுனியல்ல? இதைக் கடல்னு பாக்காதீங்க, இதுல இருக்கறது நெறமும் கோடுந்தான்னு. நான் முன் வரிசைல உக்காந்து கேட்டனே."

சொன்னது வாஸ்தவம்தான். வந்திருந்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அப்படிச் சொன்னால் தலையாட்டுவார்கள் என்று தெரிந்தே சொன்னாள். பாதி நம்பிச் சொன்னது, பாதி எடுப்புக்குச் சொன்னது. அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகத்தான் அவளுக்கு ஞாபகம். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டு வைத்திருக்கிறான்.

மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கடல் என்றால் மோட்டார் ரூம். கடல் இல்லை என்றால் சுவர்.

"கடல் இல்லீங்க," என்றாள் சைத்ரா.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. சுவரைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். வாஸ்துக்காரர் தலையைச் சாய்த்துப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "வரைஞ்சவங்களே சொல்லிப்போட்டாங்க, சரிங்க. ஆனா பாக்கறவங்க கண்ணுன்னு ஒண்ணு இருக்குதுங்களே. சின்னதா ஒரு பரிகாரம் பண்ணிக்கலாமுங்க," என்று இழுத்தார். பின்பக்கம் செப்புத் தகடு எதையாவது ஒட்டுவார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவள் கிளம்பினாள்.

கிரகப்பிரவேசத்தன்று அவளுக்கு முதல் அடி வாசலிலேயே விழுந்தது. வீட்டுக்காரரின் தங்கை நிறைகுடம் எடுத்து முதலில் உள்ளே வருவது அவர்கள் குடும்பத்து வழக்கம். ஹைமாவதி அந்தக் குடத்தைப் பெரியம்மா மகள் கையில் கொடுத்தாள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க சைத்ரா. ஐயரு சொல்றாருங்க."

ஐயர் அந்தப் பக்கம் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. புருஷன் இல்லாதவள் குடம் எடுக்கக் கூடாதாம். சைத்ராவின் மாஜிப் புருஷன் பெங்களூரில் இரண்டாம் பெண்டாட்டியோடு குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். அம்மா எதிரிலேயே நின்று பட்டுப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சைத்ராவும் விழுங்கிக்கொண்டாள். குடம் ஐந்து நிமிஷ மரியாதை, சுவர் ஆயுசுக்கும் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பசுமாட்டுக்கும் கன்றுக்கும் குடத்துக்கும் கூட்டத்துக்கும் பின்னால் கடைசி ஆளாக உள்ளே நுழைந்தாள்.

நுழைந்ததும் சுவரைப் பார்த்தாள். படம் இருந்தது. ஆனால் நின்றுகொண்டிருந்தது.

நீளவாக்கில் இருக்க வேண்டிய படத்தைச் செங்குத்தாகத் தூக்கி மாட்டியிருந்தார்கள். கீழே கிடக்க வேண்டிய சாம்பல் இடது பக்கம் எழுந்து நின்றது. வானம் வலது பக்கம் ஒதுங்கியிருந்தது. நடுக்கோடு உச்சியிலிருந்து நேராக இறங்கிச் சுவரை இரண்டாகப் பிளந்தது. அதன் மேல் ஒரு சாமந்தி மாலை வேறு.

அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று உடனே பிடிபடவில்லை. நிறம் அதே நிறம், கோடு அதே கோடு. மைக்கில் பேசிய பேச்சின்படி பார்த்தால் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை. ஆனால் அங்கே மாட்டியிருந்தது அவள் படமே இல்லை. அவள் இத்தனை நாள் பாடுபட்டது அந்தச் சாம்பல் அசையாமல் கனத்துக் கிடப்பதற்காகத்தான். தோணி போகலாம், அலை போகலாம், நுரை போகலாம். கிடப்பது போய்விட்டால் கடலே போய்விடும் என்று அந்த நிமிஷம்தான் அவளுக்கே தெரிந்தது. முழுசாகக் கடலை வரைந்துவிட்டு அதைக் கடல் இல்லை என்று சொல்லித் திரிந்திருக்கிறாள்.

அண்ணன் பட்டு வேட்டியில் வாசலுக்கும் பந்திக்குமாக நடந்துகொண்டிருந்தான். தூணோரம் மடக்கினாள்.

"அண்ணா, படத்தை யாருங்க இப்படி மாட்டுனது?"

"அதுதான் பரிகாரம் கண்ணு. தண்ணி படுத்துத்தான கெடக்கும்? நிக்க வெச்சுப்போட்டா அது தண்ணி இல்லேன்னு ஆயிருமாமா. பத்து நிமிசத்துல வேலை முடிஞ்சுது."

"என்னை ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?"

"நீதான கடல் இல்லேன்னே? அப்பறம் நின்னா என்ன, படுத்தா என்ன?" யாரோ தாண்டிப் போனார்கள், அவர்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே சொன்னான். "போ, போய்ச் சாப்புடு. பொங்கல் சூடா இருக்குது."

கோயம்புத்தூரில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் அறுப்பார்கள். பதில் சொல்லும் வாயை இரண்டு நாள் முன்னால் அவளே விற்றுவிட்டிருந்தாள். யாரோ கையில் திணித்த தட்டை ஏந்திக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரே நின்றாள்.

இத்தனைக்கும் வந்தவர்களுக்குப் படம் பிடித்திருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். "ஸ்டார் ஓட்டலாட்ட இருக்குதுங்க" என்றார் ஒருவர். அதன் முன்னால் நின்று குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். சித்திகூட "இப்பத்தான் நீ நல்லாப் போடறே" என்றாள். பிறகு நரசிம்மலு மாமா வந்தார். சோமனூரில் நூற்றுக்கணக்கில் தறி ஓட்டுகிறவர், குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது அருவியா? நம்ம கோவைக் குத்தாலமாட்டத் தெரியுது."

அருவி என்ற சொல் காதில் விழுந்ததும் ஹைமாவதியின் முகம் செத்துப்போயிற்று. கடலைத் துரத்திவிட்டு அதே மூலையில் அருவியைக் கொண்டுவந்து ஊற்றியதுபோல ஆகிவிட்டதே. வாஸ்துக்காரர் பந்தியில் இரண்டாவது வடையில் இருந்தார். சாய்கிருஷ்ணா பந்திக்கும் மாமாவுக்கும் நடுவே ஓடிவந்தான்.

"அருவியெல்லாம் இல்லீங்க மாமா. அது சும்மா கலருங்க."

"சும்மா கலரா?"

"ஆமாங்க, டிசைனுங்க. ஸ்கிரீன் துணிக்கு மேட்ச்சா அம்மணி போட்டுக் குடுத்துச்சுங்க."

அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கே அறுந்தது.

"அது கடலுங்க மாமா," என்றாள் சைத்ரா. சத்தமாகத்தான் சொன்னாள், பந்தியில் குனிந்திருந்த தலைகளும் நிமிர்ந்தன. "பொன்னானிக் கடலுங்க. படுத்துக் கெடக்க வேண்டியது. வாஸ்துக்குப் பயந்துட்டு எங்கண்ணன் நிக்க வெச்சிருக்கறாருங்க."

அவர்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். நாலு பேர் முன்னால் சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் எல்லாருக்கும் புரியட்டும் என்று முழுசாகத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். ஹைமாவதி மாறினாள்.

"நல்ல நாளும் அதுவுமா ஏனுங்க இப்படி வாயை விடறீங்க? கொடம் குடுக்கலீன்னு கருவிட்டே இருந்தீங்களா?"

"கொடத்தை நீங்களே வெச்சுக்குங்க அண்ணி. எனக்குப் படத்தைத் திருப்பி மாட்டுனாப் போதும்."

"ஆவாது," என்றான் சாய்கிருஷ்ணா. சிரிப்பு முகத்தை விட்டுப் போயிருந்தது. "அப்பா போன வயசுக்கு எனக்கு இன்னும் ரெண்டே வருசந்தான் இருக்குது. உன்ற படத்துக்கு நான் உசுரைக் குடுக்கோணுமா?"

அவன் நிஜமாகவே பயந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்திருக்கலாம், வரவில்லை. எனக்குக் கொடுத்த சுவரை நீ உன் பயத்துக்குக் கொடுத்துவிட்டாய் என்ற ஆத்திரம்தான் வந்தது.

அம்மா மட்டும் தெலுங்கில், அவள் முழங்கையைப் பிடித்து, தணிந்த குரலில் பேசினாள். எப்படி இருந்தால் என்ன, சுவரில் இருக்கிறதல்லவா, எல்லாரும் பார்க்கிறார்கள் அல்லவா, விட்டுவிடு என்றாள்.

மற்றவர்கள் சொன்னதைவிட இதுதான் அவளை அசைத்துப் பார்த்தது. அம்மா சொன்னது பொய்யில்லை. அவள் ஆசைப்பட்டது இந்தச் சுவருக்குத்தான். இப்போது தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஒரு வாய் காப்பி குடித்தால் சுவர் அவளுடையது. தீபாவளிக்கு வரலாம், பொங்கலுக்கு வரலாம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். வருகிறவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்து, யார் வரைந்தது என்று கேட்பார்கள். படம்தான் இருக்காது.

அவள் தட்டை வைத்துவிட்டு ஒரு சாப்பாட்டு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் இழுத்தாள்.

"சைத்ரா." கண்ணு, அம்மணி என்பதையெல்லாம் விட்டுவிட்டு அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். "நல்ல நாள்ல செவுத்துல இருந்து ஒரு பொருளை எறக்குனேன்னா, அப்பறம் இந்த வாசப்படி மிதிக்கப்படாது. அம்மாளைப் பாக்கோணும்னாலும் வெளிய எங்கியாச்சும்தான் பாக்கோணும். சொல்லிப்போட்டேன்."

"சரிங்க," என்றாள்.

நாற்காலியில் ஏறி முதலில் மாலையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கவில்லை, மாலை தரையில் விழுந்தது. சட்டத்தின் இரண்டு பக்கமும் கை கொடுத்து மேலே உந்தினாள். கம்பி கொக்கியிலிருந்து விடுபட்டதும் மொத்தக் கனமும் அவள் தோள்மேல் சாய்ந்தது. ஹால் நிறையச் சொந்தபந்தம் இருந்தது, ஒரு கை வரவில்லை. நரசிம்மலு மாமா தன் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார். சட்டத்தின் மூலை சுவரை உரசிக்கொண்டு கீழ்நோக்கி வழுக்கியது.

"மார்பிளு! மார்பிள்ல கீறல் உழுந்துரும்!" என்று கத்திக்கொண்டு சாய்கிருஷ்ணாதான் பாய்ந்து வந்து கீழ்ப்பக்கத்தைப் பிடித்தான்.

பிடித்ததை அவனால் விட முடியவில்லை. விட்டால் தரை போகும். அவள் மெதுவாக இறங்கினாள். நின்றபடிக்குப் படம் வாசலில் நுழையாது, மேலே தோரணமும் மாவிலையும் இருந்தன. இருவரும் அதைச் சாய்த்து நீளவாக்கில் படுக்க வைத்து, கட்டிலைத் தூக்குவதுபோல ஆளுக்கொரு முனையாகத் தூக்கினார்கள். அவள் முன்னால் போனாள், அவன் பின்னால் வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. வாஸ்துக்காரர் இலையை விட்டு எழுந்து நின்று, படம் தன்னைத் தாண்டும்வரை சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் காம்பவுண்டுச் சுவரில், கட்டியிருந்த வாழைமரத்துக்குப் பக்கத்தில், நீளவாக்கில் சாத்தி வைத்தார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவன் வேட்டியில் கையைத் துடைத்தான். திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவளிடமும் நாலு வார்த்தை தயாராக இருந்தது.

அவன் திட்டவில்லை. காலை வெயில் நேராகப் படத்தின்மேல் விழுந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். ஒரு லாரி போயிற்று, பின்னால் ஒரு பஸ் போயிற்று, அவன் பார்வையை எடுக்கவில்லை. அவள் படம் ஒன்றை அந்தக் குடும்பத்தில் யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவள் எல்லாக் கோபத்தையும் மறந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"கடலேதான்," என்றான். அவளிடம் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டான். "உள்ள இருந்திருந்தா என்னையக் கொண்டுட்டுப் போயிருக்கும்."

பிறகு கேட்டுக்குள் போய், அவள் பக்கம் திரும்பாமல் தாழ் போட்டான்.